ஆகாயத்தாமரையும் செயற்கைக்கோள் படமும்

வரைபட மென்பொருள் தெரிந்தால் சுற்றுச்சூழல் துறையில் வேலை உறுதி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் உண்மை. வரைபடம் தயாரிக்கும் கியூஜிஸ் (QGIS) மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களும் 2008 முதல் இலவசம். மடிக்கணினி ஒன்று இருந்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் பழகலாம், மனதார வரவேற்கிறேன்.

ஆனால் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டுமே! ஆகாயத்தாமரை மூடிய ஏரி, மேலிருந்து பார்த்தால் பச்சை வயல்போலத் தெரியும். வறண்ட கண்மாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் அப்படித்தான். கரையில் இறங்கிச் சரிபார்க்காதவர் நீர்நிலையை விளைநிலம் என்று குறித்துவிடுவார். அந்த வரைபடத்தை நம்பித் திட்டம் போட்டால் ஏரியின் கதி என்ன?

இன்னொன்று, வெள்ளம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் மேகம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியில் எடுக்கும் சாதாரணப் படங்கள் அப்போது உதவாது. ரேடியோ அலைகளை அனுப்பி மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களே கைகொடுக்கும். வேலை தேடும் தம்பி தங்கைகள் ரேடாரைக் கட்டாயம் படிக்க வேண்டும், கூடவே கொஞ்சம் தாவரவியலும். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசப் பயிற்சிகள் நடத்துகிறது. கட்டுரையாளர் அதையும் குறிப்பிட்டிருக்கலாம்.