கொஞ்சம் அசையாம உட்காரு மச்சான்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மச்சான் நல்லவன்தான். ஆனால் காற்றில்லாத நாளில் இனி அவனைப் படகில் ஏற்ற மாட்டேன்.

போன ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் காசிமேட்டுக்கு வடக்கே கடலில் இருந்தோம். பதினாறு அடிப் பாய்ப்படகு, மோட்டார் கிடையாது. மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். கடல் நமக்கே நமக்கு என்று ஒரு நினைப்பு. கரையிலிருந்து கச்சான், அதாவது மேற்குக் காற்று, மெல்ல அடிக்க, திருவொற்றியூர் வரை படகு வழுக்கிக்கொண்டு போனது. ஒன்பதரைக்குக் கச்சான் செத்தது. பாய் தொங்கிவிட்டது.

செல்போன் ஆப் மட்டும் "காற்று எட்டு நாட்" என்று சத்தியம் பண்ணுகிறது. அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். எங்கே அடிக்கிறது? அந்தக் கணக்கு பத்து மீட்டர் உயரத்துக் காற்றுக்கு, அதுவும் பல கிலோமீட்டருக்குச் சேர்த்து ஒரே எண். என் பாயின் அடிக்கழி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அங்கே ஈ பறந்தால் அதுதான் காற்று! மே மாதத்தில் கச்சான் கடல்காற்றைச் சீக்கிரம் உள்ளே விடாது. இரண்டும் மல்லுக்கட்டும் இடத்தில் மாட்டினால் தொலைந்தோம். தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகை கடலைப் பார்த்துச் சாய்கிறது. கீழே தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கிறது. வீடு தெற்கே இருக்க, வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம் சத்தமில்லாமல் எண்ணூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்யவேண்டியது அடங்கி உட்காருவதுதான். இரண்டு பேரும் பாய் இருக்கும் பக்கமே உட்கார்ந்து படகைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால், பாய் தன் கனத்தாலேயே தொங்கி வயிறு வைத்துக்கொள்ளும். அப்புறம் வரும் துளிக் காற்று பாயை விரிக்க மெனக்கெட வேண்டாம், நேரே படகைத் தள்ளும். பாய்க் கயிற்றை இறுக்கக் கூடாது. சுக்கானைச் சும்மா ஆட்டினால் அதுவே பிரேக்.

காற்று பார்க்க, பாய்மரக் கம்பியில் பழைய கேசட் நாடா ஒரு முழம் கட்டி வைத்திருக்கிறேன். அரைமணி நேரம் செத்த பாம்பாகத் தொங்கியது, லேசாகத் தலையைத் தூக்கியது. கிழக்கே தண்ணீரில் கருப்பாக ஒரு சுருக்கம் எங்களை நோக்கி வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துடுச்சா மச்சான்?" என்று எழுந்து நின்றான்!

படகு ஆடியது. கீழே ஒரு சாண் ஆட்டம் என்றால் பாய்மர உச்சியில் அது பல அடி வீச்சு. பாயில் இருந்த காற்றை உதறிக் கொட்டிவிட்டுத்தான் நின்றது. நாடா திரும்பவும் செத்தது. இது ஒருமுறை என்றால் பொறுப்பேன். அடுத்த காற்றுக்கு முன்பக்கம் போய் ரீல்ஸ். அதற்கடுத்து தண்ணி பாட்டில். அப்புறம் "கால் மரத்துப்போச்சு". பிஸ்கட் பாக்கெட்டை எடுக்க ஒரு மனிதன் ஏன் படகின் நீளம் முழுக்க நடக்க வேண்டும்? கோயில் திருவிழாவில்கூட இவ்வளவு பிரதட்சணம் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்து நின்றது. "இன்னா சார், நங்கூரம் போட்டுக்கினியா?" நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் கயிறு கேட்டுவிட்டான். கட்டி இழுக்கும்போதும் நின்றுகொண்டேதான் வந்தான். அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கட்டுமரத்துல பாய் போட்டுக்கினு போற காலத்துல ஆடுனா, எங்க நைனா துடுப்பாலயே போடுவாரு." மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

காசிமேட்டை நெருங்கும்போது நாடா நேராக நின்று படபடத்தது. அருமையான கடல்காற்று. நாங்கள் கயிற்றில் போய்க்கொண்டிருந்தோம்.

நேற்று போன் பண்ணினான். "வர்ற ஞாயித்துக்கெழம ஆபீஸ் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரட்டா?"