சுவான்ஜோ போனால் தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்துச் சுவான்ஜோவைப் பற்றி நம்மவர்கள் போடும் பதிவுகளில் கைய்யுவான் கோயில் தூண் இருக்கும், நரசிம்மர் சிற்பம் இருக்கும், "சீனாவில் தமிழன் கோயில்" என்ற பெருமிதம் இருக்கும். ஊர் இருக்காது. (குவாங்ஜோ வேறு ஊர், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) குடும்பத்தோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றி வந்த பிறகு எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு பாதி தெரிந்த சாப்பாடு. இங்குள்ள ஹொக்கியன் மொழி பேசும் சீனக் குடும்பங்களில் பலருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். நாம் ஃபுட் கோர்ட்டில் வாங்கும் போப்பியா, மீ சுவா, சிப்பி ஆம்லெட் எல்லாம் அங்கிருந்து கப்பலேறி வந்தவை. மேற்குத் தெருவில் காலைச் சாப்பாடே 'மியென் ஷியென் ஹூ'. நூல் போன்ற கோதுமைச் சேமியாவைச் சாற்றில் கஞ்சிப் பதம் வரும்வரை கரைய விடுகிறார்கள். முட்டை, சிப்பி, குடல், பொரித்த இறைச்சி என்று எதிரே தட்டுகளில் இருப்பதை நாம் கைகாட்ட வேண்டும், கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியான யூ தியாவைப் பிய்த்து அதில் முக்கித் தின்னலாம். மேலே மிளகுத்தூள்.

அந்த மிளகுதான் கதையே. ஒரு கப்பல் மிளகு அலெக்சாந்திரியாவுக்குப் போனால் நூறு கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வருகிறது என்று மார்க்கோ போலோ எழுதினார். ஊரின் பெயர் அவருக்கு ஜைத்தூன். 1974-இல் அருகிலுள்ள கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் அரச வம்சக் காலக் கப்பலில் வாசனைக் கட்டைகளோடு மிளகும் கிடைத்தது. நம் வணிகர்கள் அங்கே போய்த் தங்கியதும் இந்தச் சரக்குக்காகத்தான்.

கைய்யுவான் கோயில் 686-இல் தோன்றிய புத்தக் கோயில். கூட்டம் முழுக்க இரட்டைக் கல் கோபுரங்களின் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பெரிய மண்டபத்தின் பின்புறம் போங்கள். கண்ணன், நரசிம்மர் உருவங்கள் செதுக்கப்பட்ட இரண்டு தூண்கள் நிற்கின்றன. இடிந்துபோன சிவன் கோயிலின் கற்களை பிற்கால மிங் அரச வம்சக் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் எடுத்து வைத்துக் கட்டினார்கள். "நம் கோயிலைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று அங்கேயே ஒருவர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கல்லை உடைத்துச் சாலை போட்டிருக்கலாம். வழிபடும் இடத்திலேயே நிறுத்தினார்கள், அதனால்தான் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கிறது.

இந்த ஊரில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் இதே அவசரத்தில்தான் பகிர்கிறார்கள். அப்போது சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். கானின் உடல்நலத்துக்காக, அவர் ஆணையின்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. பிழைக்கப் போன ஊரின் அரசனுக்காகத் தன் சாமியிடம் வேண்டிக்கொண்ட மனிதர் அவர். அவரை வைத்து "தமிழன் ஆண்ட சீனா" என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை யானை வழிபடும் சிற்பத்தைப் பார்த்ததும் அம்மா, "திருவானைக்கா!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து அறைகளில் அரபுக் கல்லறைக் கற்களும் சிலுவை பொறித்த கற்களும். வெளியே தூமன் தெருவில் 1009-இல் கட்டிய மசூதி, சில அடி தள்ளி சீனர்கள் தெய்வமாக வணங்கும் போர்வீரர் குவான் யூவின், ஊதுபத்திப் புகை சூழ்ந்த கோயில். 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டபோது 22 இடங்களை மொத்தமாகச் சேர்த்தது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஊர் புரியாது என்பதே என் கருத்தும்.

ஷுன்பூ மீனவக் கிராமத்துப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூ வைப்பார்கள். இப்போது ஊரெங்கும் கடைபோட்டு வருகிறவர்களுக்கும் வைத்துவிடுகிறார்கள். மகளுக்கு ஒரு பாட்டி வைத்துவிட்டபோது, மொழி தெரியாத அம்மா சரம் சரமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சைவம் மட்டும் சாப்பிடும் அவருக்கு அங்கே கொஞ்சம் சிரமம்தான், சாறெல்லாம் இறைச்சியிலும் மீனிலும் எடுத்தது. தேன் விட்ட கடற்பாசி ஜெல்லியும் வேர்க்கடலைச் சூப்பும் அவருக்குப் பிடித்துப்போயின. எங்களுக்கு இரவில் இஞ்சி வாத்து. மண்சட்டியில் நல்லெண்ணெயும் முற்றிய இஞ்சியும் போட்டு வற்ற விடுவது, இஞ்சியைக்கூட மிச்சம் வைக்கத் தோன்றாது. கடல்புழுவை வேகவைத்து உறையவிடும் 'து சுன் தோங்' எனக்கு இறங்கவில்லை. மகன் இரண்டாவது கேட்டான்.

போகிறவர்கள் ஷியாமென் வரை விமானத்தில் போய் அதிவேக ரயில் பிடித்தால் அரை மணி நேரப் பயணம்தான். கைப்பேசியில் பணம் செலுத்த அலிபே செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். மே, அக்டோபர் முதல் வாரங்கள் வேண்டாம், சீனா முழுவதற்கும் விடுமுறை, மேற்குத் தெருவில் நிற்கக்கூட இடம் இருக்காது.