எல்லாமே 'பேக்'தானா?

தண்டையார்பேட்டையில் பல வீட்டு அலமாரிகளில் 30 நாளில் ஆங்கிலம் பேச வைக்கும் புத்தகம் ஒன்று தூசியோடு கிடக்கும். இடப்பக்கம் வார்த்தை, வலப்பக்கம் அர்த்தம், நடுவில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. அந்த நடுப் பத்தியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. பை என்றாலும் 'பேக்', முதுகும் 'பேக்', மூட்டை கட்டுவதும் 'பேக்', அடுப்பில் ரொட்டி சுடுவதும் 'பேக்'. நமக்கு 'ப' ஒன்றுதான், அவர்களுக்கு அந்த இடத்தில் இரண்டு ஒலி. இதை முன்னுரையில் ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்? படிக்கிற பிள்ளை யாரைக் கேட்கும்?

சரி, எழுத்துக்கூட்டலாவது? கத்திக்கு 'நைஃப்', ஆனால் முன்னால் சத்தமில்லாத ஒரு 'கே'. ஏன் என்று புத்தகத்தில் விளக்கம் கிடையாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். அந்த 'கே'யை ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் உச்சரிக்கவே செய்தார்கள். 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் வந்தபிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது.

அப்புறம் அந்த வாக்கியங்கள்! துறைமுகத்தில் வேலைக்குப் போகிற பையனுக்கு நேர்காணலில் இரண்டு வரி பேசத் தெரிய வேண்டும். புத்தகமோ 'அரசர் வேட்டைக்குச் சென்றார்' என்கிறது. காசிமேட்டில் எந்த அரசர், என்ன வேட்டை?