யூனி லைப்ரரிய மூடப்போறாங்களா? அந்த மெசேஜ் பொய்ங்க

நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்து வாட்சாப் குரூப்ல ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது, "ஆராய்ச்சி ஜர்னல் எல்லாம் ஆன்லைன்ல ஃப்ரீ ஆயிருச்சு, யூனி லைப்ரரி எல்லாத்தையும் மூடப்போறாங்க, பிள்ளைங்கள லைப்ரரி படிப்புக்கு அனுப்பாதீங்க"ன்னு. பாதி உண்மைய வச்சு கட்டுன பொய் இது.

ஃப்ரீயா படிக்கிற கட்டுரை கூடிட்டே போவுது, அது சரி. 2002லயே அதுக்காக புடாபெஸ்ட் அறிக்கைன்னு ஒண்ணு விட்டாங்க. ஆனா இன்னும் நிறைய ஜர்னல் காசு கட்டுனாத்தான் திறக்கும், அந்த சந்தாவ கட்டுறது லைப்ரரிதான். அதோட ஃப்ரீன்னா யாருமே காசு கட்டலன்னு அர்த்தம் இல்ல, பல ஜர்னல்ல படிக்கிறவங்கள விட்டுட்டு எழுதுறவங்க பக்கம் பில்ல நீட்டுறாங்க, நேச்சர்ங்கிற பிரபலமான அறிவியல் ஜர்னல்ல ஒரே ஒரு கட்டுரைய அப்படி திறந்து விட 2021ல 9,500 யூரோ கேட்டாங்க, நம்ம காசுக்கு நாப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல, புது ஆக்சியா காரே எடுத்துரலாம் லா! (காசே கேக்காத ஜர்னலும் இருக்கு, அதையும் சொல்லணும்.)

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019ல பேச்சு ஒத்துவராம, ஜர்னல் வெளியிடுற பெரிய கம்பெனியான எல்செவியரோட சந்தாவையே விட்டுருச்சு. அப்புறம் 2021ல அவங்களோடயே புது ஒப்பந்தம், படிக்கிறதுக்கும் கட்டுரைய திறந்து வெளியிடுறதுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. இதையெல்லாம் பேசி முடிக்கிற வேலைல லைப்ரரி ஆளுங்க இருக்காங்க. போலி ஜர்னல் எதுன்னு மாணவருக்கு சொல்லித் தர்றதும் அவங்கதான்.

மெசேஜ் அனுப்புன அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அத அழிச்சிடுங்க. உங்க அக்கா மக லைப்ரரி படிப்புக்கு தாராளமா பாரம் போடட்டும்.