அது குழி இல்லை, சார்

இந்த வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பற்றித்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், காசில்மெய்ன் ஊர்ப் பக்கத்துக் காட்டில் மெட்டல் டிடெக்டரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார் நண்பர். பின்னால் வளைந்து போகும் மண்கரையில் பச்சையாக வெட்டுக்காயங்கள். தலைப்பு: "பழைய குழியில் புதையல் வேட்டை". கீழே ஒரே ஒரு வரிதான் போட்டேன், அது குழி இல்லை சார் என்று. உடனே எனக்குக் "குழிக் காவலர்" பட்டம். நன்றி, வைத்துக்கொள்கிறேன்.

அது தங்கம் கலந்த களிமண்ணைக் கரைக்க, குதிரை சுற்றிய இயந்திரம். 1851-ல் விக்டோரியாவில் தங்க வேட்டை தொடங்கியபோது தட்டிலும், தொட்டில் மாதிரி ஆட்டும் பெட்டியிலும் மண்ணை அலசினார்கள். அதே மாநிலத்துப் பெண்டிகோ ஊர்ப் பக்கத்துக் களிமண் அதற்கெல்லாம் மசியவில்லை. கட்டியாகவே நின்றது; தங்கம் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதனால் 1850-களின் நடுவில் வட்டமாக வாய்க்கால் வெட்டி, பக்கங்களுக்குப் பலகை அடித்து, நடுமேட்டில் கம்பம் நட்டு, அதிலிருந்து நீட்டிய கழியில் குதிரையைப் பூட்டினார்கள். குதிரை வெளிவட்டத்தில் சுற்றச் சுற்ற, கழியில் கட்டிய இரும்புப் பல் சட்டம் வாய்க்காலுக்குள் களிமண்ணையும் தண்ணீரையும் கலக்கும். சேறு கரைந்ததும் மடையைத் திறந்துவிடுவார்கள். அடியில் தங்கும் சரளையில்தான் தங்கம்.

அப்பா இங்கே வந்திருந்தபோது ஒருமுறை இப்படி ஒன்றைப் பார்க்க அழைத்துப்போனேன். தகவல் பலகை கிடையாது, ஒன்றும் கிடையாது. இலைச்சருகு மூடிய வளையம், நடுவில் திட்டு, அதில் இற்றுப்போன மரத்துண்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செக்கு மாதிரில்ல இருக்கு, மாடு எந்தப் பக்கமா சுத்தும்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தைத் தாண்டாத மனிதர். இங்கே ரெண்டு டிகிரி வைத்திருப்பவர்களுக்குக் குழிதான் தெரிகிறது.

"நம்ம ஊர்க் கோயிலே இடிஞ்சு கிடக்கு, வெள்ளைக்காரன் சேத்துக்கு அழுறியா?" என்கிறார் ஒருவர். அண்ணே, நீங்கள் அந்தக் கோயிலுக்கும் அழுது நான் பார்த்ததில்லை.

"லைசன்ஸ் இருக்கு" என்கிறார் இன்னொருவர். அவர் சொல்லும் அந்த லைசன்ஸ், மைனர்ஸ் ரைட், தங்கம் தேடத்தான் அனுமதி. பழைய சுரங்க வேலையின் எச்சங்களை வெட்டிப் போட அல்ல. அதற்கு 2017-ல் வந்த பாரம்பரியச் சட்டம் தனியாக இருக்கிறது.

மூன்றாவது கேள்வி மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. இது ஜா ஜா வுருங் என்ற பூர்வகுடி மக்களின் மண். அதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டவர்களின் மிச்சத்தை எதற்குப் பாதுகாக்க வேண்டும்? நியாயம்தான். இந்த இயந்திரங்கள் கக்கிய சேற்றில் பெண்டிகோ ஓடையே தூர்ந்துபோனது. அதை விசாரிக்க 1859 வாக்கில் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழுவே உட்கார்ந்தது. ஆனால் அந்த அநியாயத்துக்குச் சாட்சியாக மண்ணிலேயே நிற்பதும் இந்த வளையம்தானே? இதையும் கிளறிவிட்டால் மிஞ்சுவது பெண்டிகோவின் அலங்காரக் கட்டிடங்கள் மட்டும்தான். அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்க மட்டும் எல்லோருக்கும் வரலாறு பிடிக்கும். அந்தக் கட்டிடத்துக்கான காசு முளைத்த சேறு என்றால் "குழி". சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்த குதிரைக்குப் பெயர் கிடையாது, ஓட்டியவனுக்கும் கிடையாது. கல்லில் கட்டியிருந்தால் கையெடுத்துக் கும்பிடுவோம், மண்ணென்றால் மண்வெட்டி. நம்ம ஆட்களும் இப்படித்தான் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நேற்று வாட்ஸாப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள், "தேவையில்லாத சர்ச்சை" என்று. பரவாயில்லை. ஆனால் அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டிய மண் கரைமேலேயே குவிந்து கிடக்கிறது, மூடக்கூட இல்லை. தோண்டியதை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பதும் அந்த மைனர்ஸ் ரைட்டில் உள்ள நிபந்தனைதான், எனக்கு லைசன்ஸ் பாடம் எடுத்த அண்ணன்மாரே.