சோலைமந்தியை வீட்டில் வளர்க்க முடியாது

நம்ம பெங்களூரு அல்சூர் தமிழ்க் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. கண்காட்சி ஒன்றில் குழந்தை சோலைமந்தியைக் கட்டிப்பிடித்து நிற்கிறது, கீழே "சாதுவான குரங்கு, அனுமதி வாங்கி வீட்டிலேயே வளர்க்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். இது தவறு. அது குரங்கே இல்லை, விழிப்புணர்வுக்காக வேடம் போட்ட ஆள். பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்தருகே தையல் தெரியும்.

சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகம், கேரளம், தமிழ்நாட்டுக் காடுகளில் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது, அழியும் ஆபத்தில் இருப்பதாக பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் செம்பட்டியலும் சொல்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டத்தை அரசின் இந்தியா கோட் (India Code) இணையதளத்தில் நீங்களே படிக்கலாம். குட்டி வேண்டுமென்றால் தாயிடமிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், நினைக்கவே மனசு வலிக்கிறது. தயவுசெய்து அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போடுங்கள்.