தெற்கு எல்லை: கடல்

போன வாரம் பேப்பரில், கடன் கட்டாத வீட்டை விற்க வங்கி போட்ட ஒரு ஏல அறிவிப்பு வந்தது. நம்ம கரையில் ஒரு வீடு. யார் வீடு என்று சொல்ல மாட்டேன், குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூருக்கும் நீரோடிக்கும் இடையில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சரை சென்ட், கான்கிரீட் வீடு. நான்கு எல்லையும் போட்டிருந்தார்கள். வடக்கே பொதுப்பாதை, கிழக்கிலும் மேற்கிலும் யார் யாரோ மனை, தெற்கே கடல். டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்த அண்ணன், "கடலையும் சேர்த்தா ஏலம் விடுறான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒரு முடிவு எடுத்தார்கள். நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் அந்த வீட்டை ஏலம் கேட்கக் கூடாது.

மூன்று நாளாக இந்த முடிவு மனசைக் குடைகிறது. திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒருத்தன் கண்ணீரில் நாம் லாபம் பார்க்கக் கூடாது என்பது நல்ல குணம்தான். ஆனால் ஏலத்தில் நடப்பது என்ன? ஊர்க்காரன் ஒதுங்கினால் வெளியூர் புரோக்கர் இரண்டு பேர் வருவார்கள். தெற்கே கடல் என்பதைக் காட்டியே குறைந்தபட்ச விலையோடு முடித்துவிடுவார்கள். வீடு போனதோடு கடன் தீர்ந்தது என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். தீராது. ஏலத்தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதியையும் வங்கி கேட்கலாம். கூடுதலாகப் போனால், கடனும் செலவும் போக மிச்சம் வீட்டுக்காரருக்கு வர வேண்டும். அப்படியென்றால் நல்ல விலைக்குப் போவதுதான் அந்தக் குடும்பத்துக்கு நல்லது. நாலு சொந்தக்காரர்கள் சேர்ந்து நியாயமான விலைக்கு எடுத்து, அந்தக் குடும்பத்தையே வாடகைக்கு வைத்தால் என்ன கெட்டுப்போகும்? ஏலம் கேட்காமல் இருந்து நாம் காப்பாற்றுவது நம்ம மானத்தை மட்டும்தான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு உரிமை இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவிலும் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

2014-இல் 12 லட்சம் வீட்டுக்கடன், 15 வருடம், மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் தவணை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்களுக்குப் பங்கு இருந்த படகு போனது. தம்பி திரும்பி வந்தான். அவன் வந்ததே போதும் என்று இருந்த வீட்டில் யாருக்குத் தவணை ஞாபகம் வரும்? நான் கொச்சியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு வருடம் கழித்து கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அரிசி டிரம்மை நகர்த்தினால் அடியில் மூன்று கவர். பதிவுத் தபால், பிரிக்கவே இல்லை. "மக்களே, கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பிரிக்கத்தான் பயமா இருந்தது" என்றார் அம்மா. மூன்றாவது கவர் 60 நாள் நோட்டீஸ். நான் பிரித்தபோது 41 நாள் போயிருந்தது.

அந்த 41 நாளுக்காகத்தான் இன்றைக்கும் எனக்கு வருத்தம், கடனுக்காக இல்லை. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு சர்ஃபாசி சட்டத்தில் (கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டை விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம், 2002-இல் வந்தது) 60 நாள் நோட்டீஸ் அனுப்புவார்கள். அந்த நாட்களுக்குள் நாம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் கதவில் ஒட்டுவதும், பேப்பரில் போடுவதும். சுவாதீன நோட்டீஸ் என்பார்கள், வீட்டை வங்கி தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் அறிவிப்பு. கதவில் பேப்பர் வந்தாலே வீடு போய்விட்டது என்று ஊர் சொல்லும். போகவில்லை. பூட்டைப் போட்டு ஆளை வெளியேற்ற வேண்டுமென்றால் பொதுவாக கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கித்தான் வருவார்கள். உண்மையில் வாசல் மூடுவது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளில். அதுவரை முழு பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்பது நம் உரிமை. 2016-இல் வந்த திருத்தம் அப்படி. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. அதற்குப் பிறகு வங்கியிடம் கெஞ்சலாம், உரிமையோடு கேட்க முடியாது.

குழித்துறை கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் முன்பணம் கேட்டார். நல்லவேளை கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், நமக்கு மதுரையில். வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் போக வேண்டும். வங்கி முறை தவறியிருந்தால்தான் அங்கே பலன். நாலு மாதம் இழுக்கலாம் என்று மட்டும் போனால் வட்டி ஏறுவதுதான் மிச்சம். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே கேட்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். கடனில் அம்மா பெயரும் மனைவி பெயரும் சும்மா கிடக்கிறதே, அவர்களை அனுப்புங்கள்.

எங்கள் வீடு தப்பியது சட்டத்தால் இல்லை, மூன்று சென்டால். மொத்தம் ஏழு சென்ட். பின்பக்கம் ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயை ஒட்டிய மூன்று சென்டை மாமா மகன் வாங்கிக்கொண்டான். வங்கி எழுத்தில் சம்மதம் கொடுத்து, பணம் நேராகக் கடன் கணக்கில் விழுந்து, அந்தப் பகுதியை மட்டும் ஈட்டிலிருந்து விடுவித்தார்கள். பாக்கி அடைந்தது, மீதிக்குத் தவணைக்காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். மேனேஜர் ஒன்றும் வில்லன் இல்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிலத்தை விக்கவே வேண்டாமே தம்பி" என்றார். மாமா மகனுடன் அப்பா இரண்டு வருடம் பேசவில்லை. நம்ம மண்ணை விலைக்கு வாங்கிவிட்டானாம்! இப்போது அந்த மூன்று சென்டில்தான் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே தவணையில் தீர்க்கும் ஓடிஎஸ்ஸும் உண்டு. வட்டியில் கணிசமாகக் குறைப்பார்கள், ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் கஷ்டம். நானாக இருந்தால் வேறு வழியே இல்லாதபோதுதான் அதை எடுப்பேன். வட்டிக்காரனிடம் வாங்கி இரண்டு தவணை கட்டுவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். என் சித்தப்பா அப்படி இரண்டு தவணை கட்டினார், வள்ளத்தின் இன்ஜின் போனது.

சரி, தப்பு முழுக்க நம்ம மேலா? இல்லை. நம்ம ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் முப்பது நாற்பது நாள். கரைக்கு வந்த பிறகுதான் பங்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு ஓடாது. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், ஒரு மாதத் தவணைக்கே போதாது. வங்கியின் மென்பொருளுக்கு ஜூனும் தெரியாது, சுறாவும் தெரியாது, அதற்கு மாதம் ஐந்தாம் தேதி மட்டும்தான் தெரியும். விவசாயக் கடனுக்கு அறுவடை பார்த்துத் தவணை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மீனவன் வீட்டுக்கடனுக்குத் தடைக்காலம் பார்த்து வைக்கத் தெரியாதா?

நீரோடியைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கேரளத்துப் பொழியூர். அங்கே மீனவர் கடன் நிவாரண ஆணையத்துக்கு 2008-லேயே சட்டம் போட்டார்கள். ஒரே வீடு வைத்திருக்கும் ஏழைகளை ஜப்தியிலிருந்து காக்க 2025-இல் கேரள சட்டசபை ஒரு மசோதாவும் நிறைவேற்றியது. நமக்கு மறைமாவட்டம் திருவனந்தபுரம், ஆஸ்பத்திரிக்கும் பாதிப் பேர் திருவனந்தபுரம், கடன் என்று வந்தால் மட்டும் 1956-இல் போட்ட மாநில எல்லைக் கோடு நடுவில் நிற்கிறது. அங்கேயும் எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. நம்ம பக்கத் தூண்டில் வளைவால்தான் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு) தங்கள் கரையைக் கடல் தின்கிறது என்று பொழியூர்க்காரர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். வீட்டையே கடல் கொண்டுபோனால் எந்த மசோதாவும் காக்காது. ஈடு கரைந்தாலும் கடன் கரையாது.

அந்த அஞ்சரை சென்ட் வீட்டுக்காரர் என் வயதுக்காரர்தான். நேற்று போய்ப் பார்த்தேன். ஏலத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அவர் மச்சான் இரண்டு பேரிடமும் பேசியிருக்கிறேன், ஒருவர் யோசிக்கிறேன் என்றார். டீக்கடை முடிவை மாற்ற யாராவது பங்குப்பேரவையில், அதாவது நம்ம கோயில் பங்கின் மன்றத்தில், பேசினால் நல்லது, நான் பேசினால் இவனுக்கு என்ன கமிஷன் என்று கேட்பார்கள்.

எங்களுக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது. இந்த வருடம் ஜூன் மாதத்துக்கானதை மே மாதமே கட்டிவிட்டோம். ஜூலைக்குத் தம்பி இன்னும் கடலிலிருந்து வரவில்லை.